இசை ஆசிரியர் ஹோல்ஸ்ட்

பள்ளி இசைக்குழுவுக்கு எந்த இசைக்குறிப்பை வாங்குவது என்பது ஆசிரியர்களின் பழைய தலைவலி. எளிதானது சப்பென்று இருக்கும். நல்லதோ பிள்ளைகளின் விரலுக்கு எட்டாது. லண்டன் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் 1905-இல் சேர்ந்த குஸ்டாவ் ஹோல்ஸ்டுக்கும் இதே சிக்கல்தான். பெண்கள் பள்ளிகளுக்கென்றே அச்சாகி வந்த பாட்டுகள் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பாக் இசையைப் பாட வைத்தார். வாத்தியக் குழுவுக்கு? தானே எழுதினார்!

1913-இல் பள்ளி அவருக்குச் சத்தம் புகாத இசை அறை ஒன்றைக் கட்டித் தந்தது ('தி பிளானட்ஸ்' உருவானதும் அங்கேதான்). அதற்கு நன்றியாக மாணவிகளின் தந்தி வாத்தியக் குழுவுக்கு அவர் எழுதியது 'செயின்ட் பால்ஸ் சூட்'. அதன் கடைசிப் பகுதியில் 'டார்கசன்' என்ற நாட்டுப்புற மெட்டு விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் 'கிரீன்ஸ்லீவ்ஸ்' வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். 1911-இல் ராணுவ பேண்டுக்கு எழுதியதையே இங்கே வயலினுக்கு மாற்றியிருந்தார். சிக்கனக்காரர்! குழல் வாசிக்கும் மாணவிகளும் சேர்ந்துகொள்ளட்டும் என்று அவர்களுக்கும் தனியாக எழுதிக் கொடுத்தார். ஆனால் இது அச்சேறியது 1922-இல்தான்.

1933-இல், உடல்நலம் கெட்டிருந்த நிலையிலும், பள்ளியின் இளையோர் குழுவுக்காக இன்னும் எளிதாக 'புரூக் கிரீன் சூட்' எழுதினார். 1934 மே மாதம் காலமாகும்வரை அதே பள்ளியில்தான் ஆசிரியர்.