பெங்களூர்த் தண்டு இரயில் நிலையம்: படைவழி தொழில்வழியான வரலாறு

முன்னுரை

ஒரு நகரில் முதல் இரயில் நிலையம் அமைந்த இடம், அக்காலத்தில் அந்நகரின் அதிகாரம் எங்கிருந்தது என்பதற்குச் சான்றாகும். பெங்களூரின் முதல் நிலையம் வணிகம் செழித்த பேட்டையில் அமையவில்லை, கண்டோன்மென்ட்டில் அமைந்தது. அதன் காரணத்தையும் அந்நிலையத்தின் பயன்பாடு மாறிய விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டும் பேட்டையும்

1809ஆம் ஆண்டளவில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த ஆங்கிலேயப் படை பெங்களூருக்கு மாற்றப்பட்டது. படையினர், ஏவலர், கைவினைஞர், வணிகர் எனத் தமிழர் பலர் உடன் குடியேறினர். கன்னடம் வழங்கிய பேட்டையும் தமிழ் மிகுதியாக வழங்கிய கண்டோன்மென்ட்டும் அருகருகே இரு நகரங்களாக வளர்ந்தன. கண்டோன்மென்ட்டைக் கன்னடர் 'தண்டு' என்பர். தண்டு என்னும் சொல்லுக்குப் படை என்ற பொருள் தமிழிலும் உண்டு. நிலையத்தின் தோற்றத்தை அதன் பெயரே உணர்த்துகிறது.

சென்னை இரயில்வே கம்பெனி சோலையார்பேட்டையிலிருந்து அமைத்த அகலப்பாதை, 1864 ஆகஸ்டில் தண்டு நிலையத்தை அடைந்தது. படைத்தளத்தைச் சென்னையோடு இணைத்த அப்பாதை அங்கேயே முடிவுற்றது. பேட்டையை அடுத்த சிட்டி நிலையம்வரை இருப்புப்பாதை நீண்டது 1882இல்தான். மைசூர்ப் பாதை மீட்டர் அளவினதாக இருந்தமையால், சென்னையிலிருந்து மைசூர் செல்வோர் அங்கு வண்டி மாற வேண்டியிருந்தது. 1881இல் மைசூர் நாடு உடையார் மரபினரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்னரும், கண்டோன்மென்ட் 1947வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. ஆதலால் இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட சில கிலோமீட்டர் தொலைவு, இரு ஆட்சிகளுக்கு இடைப்பட்ட தொலைவுமாகும்.

தங்கவயல் தொடர்பு

இப்பாதையில் அமைந்த பௌரிங்பேட்டை, மைசூர் ஆணையர் பௌரிங் பெயரால் வழங்கியது. இன்று அது பங்காருப்பேட்டை எனப்படும். அங்கிருந்து மாரிகுப்பத்திற்கு அமைந்த கிளைப்பாதை கோலார் தங்கச் சுரங்கங்களுக்குப் பயன்பட்டது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழரே சுரங்கத் தொழிலாளருள் மிகுதியாவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, அவர்களுடைய குடும்பங்களுக்கு ஊரில் போதிய வேறு வேலை இல்லை. வீட்டை விட்டுப் பெயரவும் இயலாத நிலையில், நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புவதே பலருக்குப் பிழைப்பாயிற்று. விடியற்காலைப் பயணிகள் வண்டியில் வந்து தண்டு நிலையத்தில் இறங்குவோர், நகரின் கடைகளுக்கும் பணிமனைகளுக்கும் கட்டடப் பணிகளுக்கும் செல்கின்றனர். சிவாஜி நகர், அல்சூர், ஆஸ்டின் டவுன் போன்ற தமிழர் வாழும் பகுதிகள் கண்டோன்மென்ட்டைச் சார்ந்தவையாதலின், மொழியும் உறவும் அவர்களுக்குத் துணையாகின்றன.

நிறைவுரை

படைக்காக வகுக்கப்பட்ட பாதை உழைப்பவரின் பாதையாயிற்று. 2020இல் ஒப்புதல் பெற்ற 148 கி.மீ. புறநகர் இரயில் திட்டம் கிழக்கே ஒயிட்ஃபீல்டோடு நின்றுவிடுகிறது. பங்காருப்பேட்டையும் மாரிகுப்பமும் அதில் இடம்பெறவில்லை. தண்டு நிலையத்தைப் புதுப்பிக்கும் பணிக்கு 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடத்தின் பொலிவைவிட, குறைந்த கட்டண வண்டிகள் காலையும் மாலையும் உரிய நேரத்தில் அங்கு நின்று செல்வதே தங்கவயல் மக்களுக்கு வாழ்வாதாரமாகும். நகரப் போக்குவரத்தின் எல்லையை வரைபடம் கொண்டன்றி, அன்றாடம் வந்து செல்வோரைக் கொண்டே வரையறுத்தல் வேண்டும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.