வீடும் சானடோரியமும்: காசநோய்ச் சிகிச்சை நெறியின் ஒரு வரலாறு

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டி, பொத்தேரியின் மருத்துவ மாணவர்களை நாள்தோறும் சுமந்து செல்கிறது. வழியில் தாம்பரத்திற்குச் சற்று முன்னர் அது நிற்கும் நிலையத்தின் பெயர் 'சானடோரியம்'. இன்றைய மருத்துவர் கையில் இருக்கும் காசநோய்ச் சிகிச்சை நெறி எவ்வாறு உருவாயிற்று என்னும் வரலாற்றின் ஒரு பகுதி அப்பெயரில் அடங்கியுள்ளது.

இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் மனை நடத்தியவரும், 1917-இல் கணித மேதை இராமானுஜனுக்கு அங்கே சிகிச்சையளித்தவருமான டாக்டர் சவுரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் இம்மருத்துவமனையை நிறுவினார். தூய காற்று, நல்லுணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே அன்றைய மருத்துவம். ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோனியாசிடும் பயன்பாட்டுக்கு வந்த பின்னரும், நோயாளி மருத்துவமனையிலேயே தங்கியாக வேண்டும் என்னும் நம்பிக்கை தளரவில்லை. ஆனால் இந்தியாவின் நோயாளர் தொகைக்கு முன் படுக்கைகளோ மிகச் சிலவே. இடம் கிடைக்காத ஏழையின் கதி என்ன?

இவ்வினாவுக்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய ஆய்வில், 193 நோயாளிகள் எவ்விதச் சார்புமின்றி இரு பிரிவாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும் மறு பிரிவினர் சானடோரியத்திலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டிலிருந்தோருக்கு உணவும் ஓய்வும் குறைவு, நெருக்கடி மிகுதி. எனினும் 1959-இல் வெளியான முடிவின்படி, வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் சானடோரியத்தில் 92 பேரும் நற்பலன் கண்டனர். வீட்டாருக்குத் தொற்றும் அபாயமும் அதிகரிக்கவில்லை. இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை நெறியை மாற்றியது.

ஒப்பிட்டு அறியும் இவ்வழி நம் மரபுக்கு அந்நியமானதன்று. மூளைக்காய்ச்சலின் அறிகுறி தோன்றியோரில் ஒரு சாராருக்குக் குருதி வடித்து, மறு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டு விளைவை நோக்கியதாக அல்-ராஸீ (865–925) பதிவு செய்துள்ளார். மருந்தைச் சோதித்தறியும் விதிகளைத் தம் 'அல்-கானூன்' நூலில் வகுத்த இப்னு ஸீனா (980–1037), விலங்கில் கண்ட பயன் மனிதருக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது என எச்சரித்தார். குருதி வடித்தல் பற்றிய ராஸீயின் முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும் ஒப்புநோக்கும் அவரது முறையோ மருத்துவ ஆய்வின் அடித்தளமாக நிலைத்துவிட்டது.

அவ்வாறே சென்னையின் முடிவுகளும் மறு ஆய்வுக்கு அப்பாற்பட்டவையல்ல. அங்கு சோதிக்கப்பட்ட, இடைவெளிவிட்டுக் கண்காணிப்பில் மருந்தளிக்கும் முறை பின்னர் தேசியத் திட்டத்திற்கு வழிகாட்டிற்று. 1997-இல் விரிவாக்கப்பட்ட அத்திட்டம் வாரம் மும்முறை மருந்தளித்தது. 2017-இல் அதனைக் கைவிட்டு, நாள்தோறும் மருந்தளிக்கும் முறைக்கு நாடு மாறியது. வீட்டுச் சிகிச்சை எல்லார்க்கும் போதுமானதன்று என்பதும் தெளிவாயிற்று. 2022-இல் தமிழகம் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', கடும் ஊட்டச்சத்துக் குறைவு, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க இயலாமை ஆகியவற்றைக் கண்டறிதலின்போதே ஆராய்ந்து, தேவையானோரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்தது.

ஆகவே, வழிகாட்டு நெறி என்பது மாறாத சட்டமன்று. ஒரு காலத்தின் மிகச் சிறந்த சான்று. அதனைப் பொருட்படுத்தாது தன் அனுபவத்தை மட்டுமே நம்பும் மருத்துவரால் நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடும். எதிரில் இருப்பவரின் உடல்நிலையைப் பாராது அதனை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுபவராலும் அது நேரக்கூடும். அல்-ராஸீ முதல் சென்னை வரை நீளும் ஆய்வு மரபு, கற்றதையே மீண்டும் சோதிக்கும் துணிவை மருத்துவரிடம் வேண்டி நிற்கிறது.