கப்பல் சீட்டு முதல் இகாமா வரை: சபுராளிகளும் தவணை நாளும்

நம் ஊர்களில் 'சபுராளி' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த இச்சொல், பிழைப்பிற்காகக் கடல் கடந்து சென்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் திரும்பி, மீண்டும் புறப்படுபவரைக் குறிக்கும். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் நம் முன்னோர் நடத்திய கடைகளைப் பற்றியும் எழுப்பிய பள்ளிவாசல்களைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். ஆனால், அவர்கள் கையிலிருந்த அனுமதித் தாள்களைப் பற்றியும், அவற்றைக் குறித்த நாளுக்குள் புதுப்பிக்க அவர்கள் பட்ட பாட்டைப் பற்றியும் எழுதியவர் சிலரே. ஒரு குடும்பம் எந்த நாட்டுக் குடும்பம் என்பதையே பல நேரங்களில் அந்தத் தாள்தான் முடிவு செய்தது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

பழைய தவணையும் புதிய தவணையும்

வேற்று நாட்டில் தங்குவதற்கு அனுமதியும் காலவரையறையும் இருப்பது புதியதன்று. இஸ்லாமியச் சட்ட மரபில், வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு 'அமான்' என்னும் பாதுகாப்புறுதி அளிக்கப்பட்டது. ஹனஃபி சட்ட அறிஞர்கள் அதற்கு ஓராண்டு எல்லை வகுத்தனர். அந்த எல்லையைக் கடந்தும் தங்கியவர், அந்நாட்டிலேயே நிலைத்த குடியாகக் கருதப்பட்டு, அதற்குரிய வரி விதிக்கப்பட்டார். அன்று தவணை கடந்தவர் குடியானார். இன்று தவணை கடந்தவர் குற்றவாளியாகிறார். இம்மாற்றம் நம் பாட்டனார் காலத்திலேயே நம் கடற்கரையை வந்தடைந்தது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியா, இலங்கை, மலாயா மூன்றும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. பர்மாவோ 1937ஆம் ஆண்டு வரை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. மலாயாவில் 1933இல் கொண்டுவரப்பட்ட அந்நியர் சட்டம் சீனர்களின் வருகையைக் கட்டுப்படுத்திற்று. பிரிட்டிஷ் பிரஜைகளாகிய இந்தியர்களை அது தொடவில்லை. மண்டபத்திலும் பினாங்கிலும் தொற்றுநோய்த் தடுப்பு முகாம்களில் காத்திருந்த நாட்களே அன்றைய பயணிகளுக்குப் பெருந்துன்பமாக இருந்தன. தங்குவதற்குத் தவணை என்ற பேச்சு அவர்களிடையே அரிது.

இலங்கை: கடை அங்கே, குடும்பம் இங்கே

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கொழும்புக்குச் செல்லக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையாயின. தங்கித் தொழில் செய்வோர் தற்காலிக வதிவிட அனுமதி பெற்று, அதைத் தவணைதோறும் நீட்டிக்க வேண்டியிருந்தது.

குடியுரிமைக்கு வழியே இல்லையா என்றால், இருந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1க்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து அங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. மனைவியும் தொடர்ந்து அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உடனிருந்தது. நம் வணிகர்கள் இந்த இடத்தில்தான் இடறினர். இல்லத்தார் ஊரில் இருக்க, ஆண்மகன் மட்டும் கடைக்குச் சென்று வருவதே நம் வழக்கம். தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்தவரும் சட்டத்தின் கண்ணில் வழிப்போக்கரே ஆயினர். நீட்டிப்பு மறுக்கப்பட்டபோது கடையைக் கைமாற்றிவிட்டுக் கப்பலேறுவதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை.

பர்மாவின் நிலை இதனினும் கடுமை. 1947இல் குடிவரவுச் சட்டம் வந்தது. 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, அனுமதித் தாளைப் புதுப்பித்து வைத்திருந்தவருக்கும் அங்குப் பிழைக்க இடமில்லாமற் போயிற்று.

மலாயா: திரும்பி வரும் உரிமை

மலாயாவில் 1953 ஆகஸ்ட் 1 முதல் புதிய குடிவரவுச் சட்டம் நடப்பிற்கு வந்தது. புதிதாக வருவோர்க்குக் கதவு ஏறக்குறைய அடைக்கப்பட்டது. ஏற்கெனவே அங்கிருந்தவர் ஊர் வந்து திரும்ப மறுநுழைவு அனுமதி பெற வேண்டும். அது காலாவதியாகும் முன் கரை சேரவும் வேண்டும். 1926இல் கட்டப்பட்டு, சென்னைக்கும் நாகைக்கும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே நெடுங்காலம் ஓடிய 'ராஜூலா' கப்பலில் வந்திறங்கிய சபுராளி, மகளின் நிக்காஹ், தாயின் நோய், வீட்டுக் கட்டுமானம் எதுவாயினும், அந்த நாளை எண்ணிக்கொண்டே நடத்த வேண்டியதாயிற்று.

1959இல் விதிகள் மேலும் இறுகின. கணவரைப் பிரிந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஊரில் வாழ்ந்த மனைவியர் அங்குச் செல்வது தடைப்பட்டது. 'அடுத்த சபரில் அழைத்துக்கொள்ளலாம்' என்று ஒத்திவைத்த குடும்பங்களுக்கு அந்த அடுத்த சபர் வாய்க்கவேயில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை பார்க்கத் தனிப் பெர்மிட் பெற வேண்டும் என்றது. 1969க்குப் பின் அது கண்டிப்புடன் நடைமுறையாகவே, பெர்மிட் கிடைக்காத இந்தியர் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். அண்ணன் மலேசியக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று பிரிந்த குடும்பங்கள் அக்காலத்தின் எச்சங்களே.

வளைகுடா: கஃபீலின் கையில்

1970களில் எண்ணெய் விலை ஏறியபின் சபர் மேற்கே திரும்பியது. அங்குத் தங்குரிமை அட்டையாகிய 'இகாமா', பொறுப்பேற்கும் முதலாளியாகிய 'கஃபீல்' பெயரோடு பிணைக்கப்பட்டது. புதுப்பிக்கும் கடமை முதலாளியுடையது. அவர் தவறினாலோ, பிடிபடுவது தொழிலாளி. 2013இல் சவூதி அரசு நிலையைச் சரிசெய்துகொள்ள அளித்த அவகாசம் நவம்பர் 3 அன்று முடிந்தபோது, இந்தியர் பலர் நாடு திரும்பினர்.

2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது, விடுப்பில் வந்தவர்கள் ஊரில் சிக்கினர். ராஜூலா காலத்துக் கவலையே மீண்டும் நம் வீடுகளில் குடிபுகுந்தது. எனினும், சவூதி அரசு இகாமாக்களையும் மறுநுழைவு விசாக்களையும் கட்டணமின்றிப் பலமுறை நீட்டித்தமை நன்றியுடன் நினைக்கத்தக்கது. கத்தார் 2018 முதல் வெளியேறும் அனுமதி முறையைப் படிப்படியாக நீக்கியது. 2021 மார்ச்சில் சவூதியிலும், தொழிலாளர் பலர் முதலாளியின் இசைவின்றியே வெளியேறும் விசாவும் மறுநுழைவு விசாவும் பெற வழி பிறந்தது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

சபர் செல்லும் இளைஞர்கள் தம் கடவுச்சீட்டும் இகாமாவும் முடியும் நாட்களைத் தாமும் குறித்து, வீட்டாரிடமும் எழுதிக் கொடுத்துச் செல்வது நலம். 'முதலாளி பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிடலாகாது. கடவுச்சீட்டு முடிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இந்தியத் தூதரகத்தின் வழியே அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்; அது முடிந்துவிட்டால் தங்குரிமையைப் புதுப்பிப்பதும் தடைப்படும்.

இன்னொன்று. பாட்டனாரின் பழைய பெர்மிட்டுகளும் சிவப்பு அடையாள அட்டைகளும் கப்பல் சீட்டுகளும் எத்தனையோ வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. அவற்றைப் பழங்காகிதம் என்று எரித்துவிடாதீர்கள். ஒருவர் எந்த நாளில் சென்றார், எந்த நாளில் திரும்பினார், ஏன் மீண்டும் போகவில்லை என்பதற்கு அவையே சாட்சி. அவற்றின் நகல்களை ஜமாஅத்தில் சேர்த்து வைத்தால், நம் ஊரின் சரித்திரம் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.