ஒரே மாத்திரையில் பல மருந்து: 'பலன் உண்டு' என்று எப்போது சொல்லலாம்?

இரத்த அழுத்தத்துக்கு ரெண்டு, கொழுப்புக்கு ஒன்று, ஆஸ்பிரின் வேற. லாபிஸில் இருக்கும் உங்க தாத்தா பாட்டியின் மருந்துப் பையைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும். எல்லாத்தையும் ஒரே மாத்திரையாக்கினால்? அதுதான் 'பாலிபில்'.

மலேசியா, இந்தியா உட்பட 9 நாடுகளில், இதய நோய் வராத 5,713 பேரிடம் இதைச் சோதித்தது 'டிப்ஸ்-3' ஆய்வு. முடிவு 2020 நவம்பரில் வெளியானது. ஒரே ஆய்வில் பல கேள்விகள்: பாலிபில் மட்டும் உதவுமா? ஆஸ்பிரின் மட்டும்? ரெண்டும் சேர்ந்தால்? (வைட்டமின் டி-யும் இருந்தது, அது தனிக் கதை.)

சிக்கல் இங்கேதான். பலனே இல்லாத மருந்துகூட அதிர்ஷ்டத்தில் 'ஜெயிக்க' ஒரு சோதனையில் 5% வாய்ப்பு விடுவது வழக்கம். ஒன்றையொன்று சாராத 3 சோதனை செய்தால், ஏதாவது ஒன்றாவது அப்படி ஜெயிக்க வாய்ப்பு சுமார் 14%. 20 சோதனை என்றால் 64%! நாலு நம்பர் லாட்டரியில் நிறைய சீட்டு வாங்குவது போலத்தான்.

எளிய தீர்வு 'போன்ஃபெரோனி' முறை: 5-ஐ 3-ஆல் வகுத்து, ஒவ்வொரு சோதனைக்கும் சுமார் 1.67% மட்டும் அனுமதிப்பது. கறாரான முறை, உண்மையான பலனும் கைநழுவலாம். 1979-ல் வந்த 'ஹோல்ம்' முறை படிப்படியாகத் தளர்த்தும்.

டிப்ஸ்-3-க்கு வருவோம். பாலிபில்லும் ஆஸ்பிரினும் சேர்த்து எடுத்தவர்களில் 4.1% பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்பு. ரெண்டுமே போலி மாத்திரையாக எடுத்தவர்களில் 5.8%. ஆபத்து 31% குறைவு. ஆனால் உண்மையான குறைவு 3% முதல் 50% வரை எங்கேயும் இருக்கலாம். 3-ஆல் வகுக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அந்த 3% விளிம்பு பூஜ்யத்தைத் தாண்டிவிடும். 'முன்கூட்டியே தனித்தனியாக எழுதி வைத்த கேள்விகளுக்கு அபராதம் எதுக்கு?' என்று கேட்கும் புள்ளியியலாளர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கு.

'ஏதாவது ஒன்று ஜெயித்தால் போதும்' என்றால்தான் இந்தக் கறார் தேவை. கூட்டு மருந்து, அதிலுள்ள ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே வெல்ல வேண்டும் என்றால் 5%-ஐக் குறைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் ஜெயிப்பதே கஷ்டம். மேலே சொன்ன 31% அந்த வகை வெற்றி அல்ல. அது போலி மாத்திரையோடு ஒப்பிட்டது. பாலிபில்லோடு ஆஸ்பிரினையும் சேர்ப்பதால் கூடுதல் பலன் உண்டா என்பதற்கு அந்த எண் பதில் சொல்லாது.