குரங்கு முதல் முகவர் வரை: விளையாட்டைச் சோதிக்கும் பொறிகள்

கணினி விளையாட்டொன்று மக்கள் கைக்குச் செல்லுமுன் அதை ஆடிப் பார்ப்பவர் சோதனையாளர். ஒரே கதவை நூறு முறை திறப்பதும், ஒவ்வொரு சுவரிலும் மோதிப் பார்ப்பதும் அவர் பணி. சலிப்பு மிக்க இவ்வுழைப்பு பொறியின் கைக்கு மாறிய வரலாற்றை நாம் அறிதல் வேண்டும். நம் ஜொகூரின் ஸ்கூடாயிலேயே, விளையாட்டு ஆய்வுக்கென ‘மேஜிக்ஸ்’ மையத்தை மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தோற்றுவித்துள்ளது அன்றோ!

1983இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் கேப்ஸ், மெக்கின்டாஷ் கணினிக்காகக் ‘குரங்கு’ என்னும் சிறு நிரலை எழுதினார். அது சுட்டியையும் விசைகளையும் மனம்போனபடி இயக்கியது. அதற்கு அறிவில்லை, சோர்வும் இல்லை. மனிதர் எண்ணாத வரிசையில் கட்டளைகளைத் தந்து, மென்பொருள் நிலைகுலையும் இடங்களை அது காட்டிற்று.

குரங்குக்குக் குறிக்கோள் இல்லை. நுண்ணறிவு முகவருக்கு உண்டு. சூழலை உணர்ந்து, செயலைத் தேர்ந்து, விளைவிலிருந்து கற்கும் நிரல் அது. 2018இல் ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘கியூபர்ட்’ என்னும் பழைய அட்டாரி விளையாட்டை ஆட ஒரு நிரலைப் பயிற்றினர். முதற்கட்டத்தை முடித்தபின் அது பொருளின்றித் தாவுவதுபோல் தோன்றியது. அடுத்த கட்டம் திறக்கவில்லை. மதிப்பெண்ணோ 10 இலட்சத்தை நெருங்கியது. விளையாட்டில் மறைந்திருந்த பிழையொன்றை அது தானே கண்டுகொண்டது. 2020இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆய்வாளர்கள் இவ்வாற்றலைச் சோதனைக்கென்றே பயன்படுத்தினர். ஊடுருவக்கூடிய சுவர்களையும், பாத்திரம் சிக்கிக்கொள்ளும் இடங்களையும் முகவர் கண்டறியும் வழியை வெளியிட்டனர்.

ஆயினும், எதற்கு மதிப்பெண் வகுக்கப்பட்டதோ அதையே முகவர் தேடும். ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னே தள்ளப்பட்டுத் திரையில் சிதைந்து நின்றாலும், மதிப்பெண் குறையாதவரை அது கடந்து செல்லும். மெய்யின் இருபுறமும் அமரும் உயிர்க்குறிகளை ஒழுங்குசெய்யாத கருவிகளில் இச்சிதைவு நேரும்.

எழுத்துச் சிதைவையும் இலக்காக வகுத்துத் தந்தால் முகவர் அதையும் தேடும். வகுத்துத் தருபவர் தமிழறிந்தவராதல் வேண்டும். 1985இல் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கிய நாடு இது. தமிழைத் திரையில் ஏற்றிய மரபுக்குரிய நாம், விளையாட்டுத் திரையிலும் அது பிழையின்றி நிற்கக் காவல் செய்தல் கடன். சுவர்களைப் பொறி தட்டிப் பார்க்கட்டும். எவற்றைப் பிழையெனக் கொள்வது என்பதை நாமே அதற்குக் கற்பிப்போம்.