பிள்ளை காலத்து 39 இலக்க எண்

170141183460469231731687303715884105727.

சாதாரண தர வகுப்பில் முதன்மை எண்கள் வரும்போதெல்லாம் நாவுலப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண். இது முதன்மை எண் என்று 1876இல் நிறுவியவர் பிரான்சின் எதுவார் லூக்கா. அதன்பின் 1951 வரை இதைவிடப் பெரிய முதன்மை எண் எவருக்கும் தெரியாது.

“வகுத்துப் பார்த்தாரா, சேர்?” என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அப்படியானால் 20 இலக்க எண்கள் வரை வகுக்க வேண்டும், ஆயுள் போதாது. லூக்காவின் வழியை 1930இல் அமெரிக்கரான லேமர் செம்மைப்படுத்தினார். இத்தகைய எண்ணைச் சோதிக்க 4இல் தொடங்க வேண்டும். வர்க்கித்து 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 31ஐச் சோதிப்போம்: 4, 14, 8, 0. ஐந்து இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்த எண் என்பதால், ஐந்தில் இரண்டு குறைத்து, மூன்றே படிகள். கடைசியில் பூச்சியம் வந்தால் முதன்மை எண், வராவிட்டால் இல்லை. அந்த 39 இலக்க எண்ணுக்கும் 125 படிகள் போதும். ஒரு காரணியையும் தேடாமல் காரணியே இல்லை என்று சொல்லிவிடும் இந்த வழியைப் போல் அழகானது எங்கள் பாடத்திட்டத்தில் வேறில்லை.

இந்த 39 இலக்க எண்ணை நான் கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளையோடு சேர்த்தே படிப்பிப்பேன். அவர் 1901இல் குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்தார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வாழ்ந்த காலம் முழுவதும் லூக்காவின் எண்ணே உலகம் அறிந்த மிகப் பெரிய முதன்மை எண். பிள்ளையோ சிறிய எண்களிடம் கேள்வி கேட்டார். 1 முதல் 5 வரை பெருக்கி 1ஐக் கூட்டினால் 121, அதாவது 11×11. 11ஐ 5ஆல் வகுத்தால் மீதி 1. 7 வரை பெருக்கினால் 5041, அது 71×71. 71ஐ 7ஆல் வகுத்தாலும் மீதி 1. எப்போதும் இப்படித்தானா என்பது அவர் கேள்வி. இல்லை என்று கணிதவியலாளர் சௌலா 23ஐக் காட்டினார்: 18 வரை பெருக்கி 1ஐக் கூட்டினால் 23ஆல் வகுபடும், ஆனால் 23ஐ 18ஆல் வகுக்க மீதி 5. என் பிள்ளைகள் 8 வரை பெருக்கியே முறிவைக் கண்டுவிடுவார்கள்: 40321 = 61×661; 61ஐ 8ஆல் வகுக்க மீதி 5. இப்படி விலகும் எண்களுக்கு இன்று பிள்ளை முதன்மை எண்கள் என்றே பெயர். அவை முடிவற்றவை என்று 2002இல் ஹார்டியும் சுப்பாராவும் நிறுவினர். இந்த ஹார்டி இராமானுஜனின் ஹார்டி அல்லர்.

1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்தார். வயது 49. எண்ணி எண்ணி மனம் ஆறாத இழப்பு.

அடுத்த ஆண்டே லூக்காவின் சாதனையும் போனது. ஃபெரியே என்பவர் மேசைக் கணிப்பானில் 44 இலக்க முதன்மை எண்ணைக் கண்டார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினி 79 இலக்கத்துக்குப் போனது. 2024 ஒக்டோபரில் லூக் டுராண்ட் கண்ட முதன்மை எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை உறுதிசெய்ததும் 4இல் தொடங்கி, வர்க்கித்து, 2ஐக் கழிக்கும் அதே சோதனைதான்.