கடலுக்குத் தேதி குறிக்காதீங்க! படகுப் பயணத்துக்கு திரேஸ்புரம் சொல்லும் பாடங்கள்

மூணு மாசத்துக்கு முன்னாடியே டிக்கெட் போட்டு, எத்தனை மணிக்கு எங்கே இருக்கணும்னு லிஸ்ட் எழுதி வைக்கிற ஆளா நீங்கள்? ரயிலுக்கும் விமானத்துக்கும் அது சரி. படகுன்னு வந்துட்டா அந்த லிஸ்ட் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.

தூத்துக்குடியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் திரேஸ்புரத்தில், நாட்டுப்படகில் மீன் பிடிப்பவர்களுக்கும் சங்கு குளிப்பவர்களுக்கும் இது அன்றாட விஷயம். 'நாளைக்குக் கடலுக்குப் போறோமா?' என்ற கேள்விக்கு இன்னைக்கே உறுதியான பதில் கிடைக்காது. படகிலேயே தங்குபவர்களுக்கும், எப்போதாவது கப்பலேறும் நமக்கும் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கு.

காற்றுதான் காலண்டர்

வடக்கிலிருந்து வீசினால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான். இந்தக் கரையில் காற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருப்பது அழகுக்காக இல்லை. எந்தக் காற்று, எந்தப் பக்கம் நீரோட்டம் என்பதை வைத்துத்தான் எங்கே போவது, எப்போது திரும்புவது என்று முடிவாகும். சங்கு குளிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் கலங்கினால் கடலின் அடி தெரியாது. வெயில் பளிச்சென்று அடித்தாலும் அன்றைக்கு வேலை இல்லை.

தோணி: மிதக்கும் வீடு

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து போகும் தோணிகள் மரத்தால் செய்த சரக்குக் கலங்கள். இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு எனப் பல இடங்களுக்கு வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள்களை ஏற்றிச்சென்றவை. பயணம் முடியும்வரை ஆட்களுக்குத் தோணிதான் வீடு. சமையலுக்கு ஒரு பண்டாரி, எல்லாருக்கும் மேலே தண்டல். பாயை மட்டும் நம்பி ஓடிய காலத்தில் காற்று இல்லாவிட்டால் காத்திருக்கணும். என்ஜின் வந்த பிறகும், தென்மேற்குப் பருவக்காற்று உக்கிரமாக இருக்கும் மாதங்களில் தோணிகள் கரையில்தான் நிற்கும். அந்த மாதங்களைக் கழித்துவிட்டுத்தான் வருஷக் கணக்கே போடுவார்கள். இந்த வாழ்க்கையை விரிவாகப் படிக்க விரும்பினால் ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் இருக்கு. 2013-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது.

முதலில் சோதனை, பிறகு தேதி

முத்துக்குளித்தலிலும் இதே கதைதான். முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். பாரில் இறங்கிப் பார்த்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துச் சோதித்து, தேறும் என்று தெரிந்த பிறகுதான் அரசு குளிப்புக்குத் தேதி அறிவிக்கும். தேறாவிட்டால் அந்த வருஷம் கிடையாது. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி பெரிய முத்துக்குளிப்பு. அதன் பிறகு பார்கள் அப்படி விளையவே இல்லை.

போகாமல் இருப்பதற்கும் செலவு உண்டு

'ப்ளானை மாத்திக்கோ' என்று சொல்வது சுலபம். நாட்டுப்படகில் டீசல் செலவு போக மிஞ்சுவதைத்தான் பங்கு பிரிப்பார்கள். போகாத நாளில் பங்கும் இல்லை. வானம் சரியில்லாதபோதும் சிலர் கிளம்புவதற்குக் காரணம் அசட்டுத் துணிச்சல் மட்டும் இல்லை, அந்த நாளின் வீட்டுச் செலவும்தான்.

தகவல் வந்து சேராவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் சீறியபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். ப்ளானை மாற்ற மனசு மட்டும் போதாது. நேரத்துக்குத் தகவலும், ஒரு நாள் சும்மா இருந்தால் தாங்கும் அளவுக்குக் கையில் காசும் வேண்டும்.

கூண்டு எண் என்ன சொல்லுது?

● 1, 2: தூரத்தில் ஆபத்து. 1 என்றால் தாழ்வு மண்டலம், 2 என்றால் புயலே உருவாகிவிட்டது.
● 3, 4: துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம்.
● 5 முதல் 7: அபாயம்.
● 8 முதல் 10: பெரும் அபாயம்.
● 11: வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

நீங்கள் படகேறப் போறீங்களா?

● உபரி நாள் வையுங்கள். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, பருவமழையால் சில நாள்களிலேயே நின்றது. மறுபடி ஓடியது 2024 ஆகஸ்ட்டில். கப்பல் கரை சேரும் அன்றைக்கே விமான டிக்கெட் போடாதீங்க.

● நாளா, இடமா? ஒன்றைத்தான் சொல்லலாம். பாய்மரப் படகிலேயே வாழ்ந்து உலகம் சுற்றுபவர்கள் பார்க்க வரும் நண்பர்களிடம் சொல்வது இது. 'பத்தாம் தேதி வா' என்றால் இடம் மாறலாம். 'இந்த ஊருக்கு வா' என்றால் தேதி மாறலாம்.

● மூன்றில் ஒரு பங்கு. எரிபொருளில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. குடிதண்ணீர், மாத்திரை விஷயத்திலும் ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

● கரையில் ஒருவருக்குச் சொல்லிட்டுப் போங்க. எந்தப் படகு, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது அவருக்குத் தெரியணும். நேரம் தாண்டினால் அழைக்க வேண்டியது கடலோரக் காவல்படையின் 1554 அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093.

● படகுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 'இவ்ளோ தூரம் வந்துட்டோம்ணே, கூட ஐந்நூறு தர்றோம்' என்று அழுத்தம் கொடுக்காதீங்க. அந்த ஐந்நூறு அவருக்கு ஒரு நாள் அடுப்பு. மறுக்க முடியாமல் அவர் சம்மதித்துவிட்டால், ஒரே படகில் நீங்களும் இருப்பீங்க.